இருநூறு கிராம் குறைவு

தராசுகளுக்கு முத்திரை குத்துவது என் வேலை. நான் கடைக்குள் நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் எழுந்து நிற்பார். அதை மரியாதை என்றே இருபத்திரண்டு வருடமாக எடுத்துக்கொண்டு வருகிறேன். என்னோடு ஒரு மரப்பெட்டியும் வரும். அரசாங்கம் கொடுத்த எடைக்கற்கள் அதற்குள் நீல வெல்வெட்டில் படுத்திருக்கும். கல்லை எடுத்துத் தராசில் வைப்பேன். சரியாகக் காட்டினால் முத்திரை. காட்டாவிட்டால் சீல், அபராதம், கூடவே "எங்க மாமியார் மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்ற அழுகை. மாமியார் மேல் சத்தியம் செய்கிறவனை நான் இன்றுவரை நம்பியதில்லை.

முத்திரைக்கு ஆயுள் ஒரு வருடம். எல்லாக் கடைக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், அதிலும் பழக்கடைக்காரர் மூக்கால் இழுத்துக்கொண்டே கேட்பார்: "ஒரு வருஷம்தானா மேடம்? போன தடவையும் சரியாத்தானே இருந்துச்சு?"

என் பதிலும் ஒன்றுதான். "இன்னைக்குச் சரியா இருக்கு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். நாளைக்கு எப்படி இருக்கும்னு தராசுக்கே தெரியாது." சொல்லிவிட்டு, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி படி இறங்கி வருவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி ஒன்று வந்தது. அறுவை சிகிச்சை செய்து, கதிர்வீச்சும் கொடுத்து, "இனி வருஷத்துக்கு ஒரு தடவ மேமோகிராம் எடுத்துப் பாத்துக்கிட்டா போதும்" என்று அனுப்பிவைத்தார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்திப் படம் எடுப்பார்களே, அதுதான். போதும் என்று அவர்கள் வாயால் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு நாள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எனக்குச் சோறு இறங்காது, தூக்கம் வராது, வீட்டில் யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுவேன்.

இந்த வருடம் இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். முதல் முறை, அலுவலகத்தில் தணிக்கை என்றேன். இரண்டாம் முறை, சளி பிடித்திருக்கிறது என்றேன். "சளிக்கும் இதுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்? மூக்கையா படம் எடுக்கப் போறாங்க?" என்று கேட்டாள் நாத்தனார். பரிசோதனை மையத்திலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இன்று வராவிட்டால் அடுத்த இடம் நாலு மாதம் கழித்துத்தான். அந்த நாலு மாதத்தை நினைத்தால் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. இதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

என் கணவர் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். அன்று எங்கேயோ நிலக்கரியோடு போய்க்கொண்டிருந்தார். அதனால் அவருடைய தங்கை, இந்த நாத்தனார், தையல் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என்னைக் காரில் ஏற்றினாள். என் காரில், என்னையே.

மையத்தின் வாசலில் இறங்கியதும் நான் டிக்கியைத் திறந்தேன். போன வாரம் ஓர் ஆணிக் கடையில் பறிமுதல் செய்த சாமான்கள் இன்னும் அங்கேயே கிடந்தன. ஒப்படைக்க எனக்கு எங்கே நேரம், கவலைப்படவே நேரம் போதவில்லை. நடுவிலிருந்து பெட்டியை உருவி எடுத்தேன்.

"அதை எதுக்கு அண்ணி தூக்குறீங்க?"

"முடிஞ்சதும் நேரா டியூட்டிக்குப் போகணும்."

"அது டிக்கியிலேயே இருந்தா டியூட்டி கோவிச்சுக்குமா? சரி, இடது கையில மட்டும் தூக்காதீங்க. வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

வலது கையில் தூக்கிக்கொண்டேன். பெட்டி கையில் இல்லாவிட்டால் நான் வெறும் நோயாளி. இருந்தால் ஆய்வாளர். இந்தக் கணக்கு அவளுக்குப் புரியாது.

உள்ளே நீளமான கூடம். சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் பதினான்கு பெண்கள். எல்லாரும் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். மேசைக்குப் பின்னால் பதிவுக்காரம்மா. மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. முன்பதிவு வரிசைப்படி எனக்கு ஏழாம் நம்பர் டோக்கன் கொடுத்தார்.

"எடை பார்த்துட்டு வாங்க மேடம். எடை போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகும். போட்டாத்தான் உள்ள விடுவாங்க."

மேசைக்குப் பக்கத்தில் ஆள் ஏறி நிற்கும் தராசு ஒன்று நின்றது. நான் ஏறவில்லை. முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். கை கழுவும் மருந்து பாட்டிலில் ஐந்நூறு மில்லி என்று போட்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன், எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதையும் சொன்னேன்.

"அண்ணி, உக்காருங்க" என்றாள் நாத்தனார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்களுக்கு இருண்டதெல்லாம் தராசு."

"நான் ஒண்ணும் அரளல. கடமைன்னு ஒண்ணு இருக்கு."

குனிந்து, தராசின் முத்திரையைத் தேடினேன். இருந்தது. தேதி முடிய இன்னும் ஒன்பது நாள். பக்கத்து வட்டார ஆய்வாளர் போட்டது. அந்த ஆளின் கையெழுத்தே எனக்குப் பிடிக்காது. சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஐந்து கிலோ கல்லை எடுத்துத் தராசின் நடுவில் வைத்தேன்.

நான்கு கிலோ எண்ணூறு.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். நான்கு கிலோ எண்ணூறு. பெட்டியில் இருந்த மொத்தக் கல்லையும் அடுக்கினேன். பத்து கிலோ காட்ட வேண்டியது ஒன்பது கிலோ அறுநூறு காட்டியது.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து ஓடிவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. குரலில் அந்தப் பழைய கனம் வந்தது. "இந்தத் தராசு தப்பு" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி அறிவித்தேன். "நூத்துக்கு நாலு கிலோ குறைச்சுக் காட்டுது. இதை யாரும் பயன்படுத்தக் கூடாது." கைப்பையிலிருந்து சீல் காகிதத்தை எடுத்து, தராசின் குறுக்கே ஒட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். எல்லாம் மூன்று நிமிடம். என் வேகத்துக்கு அலுவலகத்தில் பெயர் உண்டு.

பதினான்கு பெண்களும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"குறைச்சுக் காட்டுதுன்னா..." என்று ஆரம்பித்தார் ஓரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஏற்கெனவே எடை பார்த்து முடித்தவர். "அப்ப நான் எழுபத்தஞ்சு இல்லையா?"

"எழுபத்தெட்டு" என்றேன். "கொஞ்சம் கூடவும் இருக்கலாம்."

"இங்க வேற பயத்துல வந்து உக்காந்திருக்கேன், நீங்க இன்னொரு பயத்தைக் குடுக்குறீங்களே!"

பதிவுக்காரம்மா தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி, மூக்கில் இருந்த கண்ணாடிக்கு மேலேயே வைத்துக்கொண்டு சீலைப் படித்தார். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் என்னை. "மேடம், எடை இல்லாம இது நகராது. முதல் மூணு பேருக்குத்தான் போட்டிருக்கேன். மிச்சம் பேரை என்ன பண்றது?"

"வேற தராசு இல்லையா?"

"இல்ல."

"அப்ப இன்னைக்கு வேலை நடக்காது" என்றேன். இதைச் சொல்லும்போது என் முகத்தில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். இல்லை என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள். சிரித்தேனாம்.

காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் எழுந்து வந்தார். பஸ் டிரைவர். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உரம் ஏறிய கைகள். "மேடம், நான் மூணு மணி நேரம் பெர்மிஷன் போட்டு வந்திருக்கேன். பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுக்கணும். ரெண்டு கிலோ கூட இருந்தா என்ன, குறைய இருந்தா என்ன? தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் என்ன முழம் என்ன?"

"அப்படியெல்லாம் விட முடியாதும்மா. அளவுன்னா அளவுதான்."

"ஆமாமா" என்றார் பதிவுக்காரம்மா. "வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்ட கதையா, இவங்களுக்குப் போன் பண்ணி மூணாவது தடவ கூப்பிட்டதே நான்தான்."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அது பழகிய சத்தம். பதினேழு கடைக்காரர்கள் சேர்ந்து கத்தினால்கூட அசையமாட்டேன். ஆனால் இவர்கள் யாரும் கத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஒரு பெண் டோக்கனைச் சுருட்டிச் சுருட்டித் திரி மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

உள்கதவு திறந்தது. படம் எடுக்கும் டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். குட்டையான பெண், நீலச் சட்டை, நிதானமான குரல். "ஏன் நாலாம் நம்பர் வரல?"

எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். டெக்னீஷியன் சீலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் கையில் இருந்த ஏழாம் நம்பர் டோக்கனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"நல்லதாப் போச்சு மேடம்" என்றார். "என் மிஷினையும் பாத்துடுங்க. அதுவும் கிலோ கணக்குலதான் அழுத்துது. அது தப்பா இருந்தா இன்னும் மோசம் இல்லையா?"

இந்தத் தொழிலில் என்னை யாரும் இப்படி விரும்பி அழைத்ததே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

அறையில் குளிர் அதிகம். நடுவில் அந்த மிஷின் நின்றது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கண்ணை மூடிக்கொண்டதால், அதை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு கண்ணாடி மாதிரியான தட்டு. இத்தனை சின்னது. இதற்கா இரண்டு மாதம் தூங்காமல் இருந்தேன்?

"மாசத்துக்கு ஒரு தடவ நாங்களே செக் பண்ணுவோம்" என்று டெக்னீஷியன் அலமாரியிலிருந்து தட்டையான சின்னத் தராசு ஒன்றை எடுத்தார். "இதைக் கீழ்த் தட்டுல வச்சு, மேல் தட்டை இறக்குவோம். திரையில எத்தனை கிலோ வருதோ, இதுலயும் அதே வரணும். முதல்ல இந்தத் தராசு சரியான்னு நீங்க பாருங்க."

பார்த்தேன். ஐந்து கிலோ கல்லை அதன் மேல் வைத்தேன்.

நான்கு கிலோ எண்ணூறு.

"பாத்தீங்களா!" என்றேன். "இதுவும் தப்பு! இந்த இடம் முழுக்கவே..." அந்தத் தராசைத் திருப்பி, எந்த முட்டாள் இதற்கு முத்திரை போட்டது என்று பார்த்தேன். அடியில் இருந்தது என் முத்திரை. என் கையெழுத்து. போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்து, நானே சோதித்து, நானே போட்டது.

மிஷின் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டு தராசுகள் சொல்லிவைத்த மாதிரி ஒரே பொய்யைச் சொல்லாது. இது என் தொழிலின் பாலபாடம். கல்லைக் கையில் எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் மெழுகு. நகத்தால் சுரண்டினேன். மெழுகு வந்தது, அதற்குப் பின்னால் ஒரு ஓட்டை.

ஆணிக் கடைக்காரன். பெரிய கெட்டிக்காரன். வாங்குகிறவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, அரசாங்கப் பெட்டியைப் பார்த்தே ஒரு பெட்டி செய்து, அதே நீல வெல்வெட் போட்டு, அடியில் குடைந்த கற்களை வைத்திருந்தான். அதைப் பறிமுதல் செய்து டிக்கியில் என் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தவள் நான். இன்று காலையில் பயத்தில் எதை உருவினேன் என்று பார்க்காதவளும் நானே. பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பறிமுதல் சீட்டுகூட ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான்.

"அண்ணி" என்றாள் நாத்தனார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கவும் முடியவில்லை. "கள்ளக் கல்லை வச்சு நல்ல தராசுக்குச் சீல் வச்சிட்டீங்களா?"

இருபத்திரண்டு வருடச் சேவையில் இப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. காது மடல் சுட்டது. டெக்னீஷியன் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி, சின்னத் தராசைக் கீழ்த் தட்டில் வைத்து, மேல் தட்டை இறக்கினார். திரையில் பன்னிரண்டு. தராசிலும் பன்னிரண்டு.

"போதுமா மேடம்? மிஷின் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

வெளியே போய், பதினான்கு பெண்களுக்கு முன்னால் சீலைக் கிழித்தேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்ததால் சட்டென்று வரவும் இல்லை. சுரண்டிக்கொண்டே சொன்னேன், "தப்பு என் மேல. என் கல்லுதான் குறைவு. தராசு சரியா இருக்கு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

"அப்ப நான் எழுபத்தஞ்சுதானே?" என்றார் டீச்சர்.

"எழுபத்தஞ்சேதான்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மூணு கிலோ இளைத்த மாதிரி எழுந்து நின்றார். பஸ் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இது முதல் தடவையா?"

"இல்ல. எனக்கு ஒரு தடவ வந்து போச்சு. மூணு வருஷம் ஆச்சு."

"எனக்கு அஞ்சு" என்றார் அவர். அப்புறம் கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "இவங்க முதல்ல போகட்டும். இங்க உக்கார வச்சா அடுத்து நாற்காலிக்குச் சீல் வைப்பாங்க."

ஒருவரும் மறுக்கவில்லை. டோக்கனைத் திரியாக்கிய பெண்கூடத் தலையை ஆட்டினார். நான் தராசில் ஏறினேன். அறுபத்தொன்று. இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ போயிருந்தது.

படம் எடுத்தார்கள். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. தட்டு இறங்கும்போது திரையைப் பார்த்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வலி கொஞ்சம் குறைவு. சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பட்டன்தான் மாட்டியிருப்பேன், டெக்னீஷியன் திரும்ப வந்தார்.

"இடது பக்கம் இன்னொரு படம் எடுக்கணும் மேடம்."

"ஏன்?"

"டாக்டர் கேட்டாங்க."

"ஏன் கேட்டாங்க?"

"அது எனக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது."

என் தொழிலில் நான் சொல்கிற அதே பதில். எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருக்கிறேன்! மறுபடி தட்டு இறங்கியது. இந்த முறை எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை.

டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். நாற்பது நிமிடம். பெண்கள் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி, உள்ளே போய், வந்துகொண்டிருந்தார்கள். என் கைக்கு வேலை வேண்டியிருந்தது. நாத்தனாரின் கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை உருவி, பையில் இருந்த இரும்பு ஸ்கேலோடு வைத்து அளந்தேன்.

"உன் டேப் நீண்டு போயிருக்கு. மொத்தத்துல முக்கால் இஞ்ச் வித்தியாசம்."

"அது அஞ்சு வருஷ டேப் அண்ணி."

"அஞ்சு வருஷமா தப்பு டேப்பை வச்சா எனக்குச் சட்டை தைக்கிற?"

"தப்பா இருந்துச்சா எதாவது?"

யோசித்துப் பார்த்தேன். அறுவைக்குப் பிறகு என் இடது பக்கம் சின்னதாகிவிட்டது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அளவு எடுக்க அவளிடம் போனதும் இல்லை. ஆனாலும் அவள் தைத்துக் கொண்டுவந்த ஒரு சட்டைகூட எங்கேயும் தொங்கியதில்லை, பிடித்ததில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் தெரியும்.

"எப்படிச் சரியா வந்துச்சு?"

"டேப்பா தைக்குது? நான்தானே தைக்கிறேன்."

"எனக்குப் பயமா இருக்குடி" என்றேன். மூன்று வருடத்தில் அன்றுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன். "ரொம்பப் பயமா இருக்கு. மறுபடி வந்திருந்தா என்ன பண்றதுன்னு தெரியல. என்னால இன்னொரு தடவ முடியாது."

தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது என்றெல்லாம் அவள் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"எனக்கும்தான் அண்ணி" என்றாள் அவள். "காலைல ஒருத்தரோட சட்டைக்கு மூணு கை தைச்சிட்டேன்."

"மூணு கையா?"

"மூணு. காஜா எடுத்து, பட்டன் வச்சு, இஸ்திரியும் போட்டுட்டேன். மடிக்கும்போதுதான் ஒரு கை மிச்சமா வெளிய நிக்குது."

"எங்க வச்சுத் தைச்ச?"

"முதுகுல."

சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் சிரித்தாள். முதுகில் ஒரு கையோடு அந்த ஆள் தெருவில் நடந்துபோவதை நினைக்க நினைக்க அடங்கவே இல்லை. எனக்குச் சிரிப்பிலேயே அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது. அவளுடைய தப்பு டேப்பிலேயே இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பதிவுக்காரம்மா இரண்டு கண்ணாடி வழியாகவும் எங்களைப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர்" என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மேசையில் பாதி கடித்த பிஸ்கெட். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இது போன வருஷப் படம், இது இன்னைக்கு எடுத்தது" என்றார் டாக்டர். "இந்த இடம் கொஞ்சம் மடிஞ்ச மாதிரி தெரிஞ்சுது, அதான் இன்னொரு படம் கேட்டேன். பழைய தழும்புதான். போன வருஷப் படத்துலயும் அப்படியேதான் இருக்கு. மாற்றம் எதுவும் இல்ல. ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு."

"உறுதியாவா?"

"இன்னைக்கு எடுத்த படத்துல எதுவும் இல்ல மேடம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

"ஒரு வருஷம்தானா?"

கேட்டது நான்தான். ஆனால் வந்தது பழக்கடைக்காரரின் குரல். அதே மூக்கு, அதே இழுப்பு. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேண்டாம் டாக்டர், எனக்குத் தெரியும்" என்று எழுந்துவிட்டேன். அந்தப் பதிலை இருபத்திரண்டு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறவள் அல்லவா.

வெளியே வந்ததும் நேராகக் காருக்குப் போனேன். டிக்கியைத் திறந்து, இந்த முறை ஒவ்வொரு கல்லையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, என்னுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். நல்ல தராசைச் சந்தேகப்பட்ட பாவத்தைக் கழிக்க வேண்டும். ஐந்து கிலோ கல்லை வைத்தேன். ஐந்து கிலோ. மொத்தப் பெட்டியையும் அடுக்கினேன். பத்து கிலோ, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்பது நாளில் தேதி முடியப்போகிறதே என்று, பக்கத்து வட்டார ஆய்வாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, இன்றைய தேதியிலேயே புது முத்திரையைப் போட்டேன். பஸ் டிரைவர் படம் எடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் கட்டைவிரலைக் காட்டினேன். "வண்டிக்கு நேரமாச்சு, எனக்கு ரிப்போர்ட் சாயந்திரம்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அவர் போன கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயந்திரம்வரை அவர் எப்படி வண்டி ஓட்டுவார்?

முத்திரையில் அடுத்த பரிசோதனை நாளை எழுதும்போதுதான் கவனித்தேன். டாக்டர் என் சீட்டில் எழுதிக்கொடுத்த தேதியும் அதுவேதான்.

பதிவுக்காரம்மா குனிந்து படித்தார். "ஒரு வருஷம்தானா மேடம்? இவ்வளவு கூத்துக்கு அப்புறமும்?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏனோ அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"முழுசா ஒரு வருஷம்மா" என்றேன். "அது என்ன கொஞ்சமா? அன்னைக்கு நானே வரேன். எனக்கும் அதே தேதிதான். தள்ளிப்போட மாட்டேன், போன் பண்ண வேண்டாம்."

"வாங்க மேடம், வாங்க" என்றார் அவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டே. "பெட்டியை மட்டும் பாத்து எடுத்துட்டு வாங்க."